சுருட்டு கசக்குதுன்னு இலைய திட்டுறதுக்கு முன்னாடி: பத்த வைக்கிறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரைப் பக்கம் சுருட்டுன்னா முதல்ல ஞாபகம் வர்றது கருப்பசாமிக்கு வைக்கிற படையல், அப்புறம் ஊர்த் திண்ணைல உக்காந்திருக்குற பெருசுங்க. இப்ப மூணாவதா ஒரு கூட்டம் சேந்துருக்கு. துபாய்லருந்தோ சிங்கப்பூர்லருந்தோ வர்ற மச்சான் டியூட்டி ஃப்ரீல வாங்கிட்டு வந்து குடுத்த கியூபா சுருட்டயோ டொமினிக்கன் சுருட்டயோ மொட்ட மாடில வச்சு பத்த வச்சுட்டு, நாலாவது இழுப்புலயே மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு "என்னய்யா இம்புட்டு காசு போட்டு வாங்குனது இப்புடி கமறுது"ன்னு கேக்குறாய்ங்க. டூப்ளிகேட் மாலா இருக்கும்னு பேசிக்கிருவாய்ங்க, இல்லன்னா நமக்கெல்லாம் இது ஒத்து வராதுன்னு பாதில அணைச்சிருவாய்ங்க. முக்காவாசி நேரம் கோளாறு சுருட்டுல இல்ல, பத்த வச்ச கைல இருக்கு.

நம்மாளுங்களுக்கு சிகரெட்டு கை பழகிருச்சு. வாய்ல வச்சு, லைட்டர முனையோட ஒட்டி, ஒரே இழுப்புல நெருப்ப உள்ள வாங்குறது. சிகரெட்டுக்கு அது செல்லும், அது மெல்லிசு, உள்ள இருக்குறது பொடிசா வெட்டுன இலை, சுத்தி இருக்குறது பேப்பரு, தீ காட்டுன நிமிஷமே சீரா பத்திக்கும். சுருட்டு அப்படி கிடையாது. முழு இலைய மடிச்சு அடுக்கி, அத இன்னொரு இலையால கட்டி, அதுக்கு மேல அழகான இலை ஒண்ண சுத்தி செஞ்சது. ஃபில்லர், பைண்டர், ரேப்பர்னு மூணு அடுக்கு, ஒவ்வொண்ணும் பத்துற வேகம் வேற வேற. அதுலயும் நடுவுல வைக்கிற இலை, லிஹேரோன்னு சொல்லுவாங்க, செடியோட உச்சில வெயில் வாங்கி வளந்த தடிச்ச இலை, காட்டம் ஜாஸ்தி, மெதுவாத்தான் எரியும். மெதுவா எரியும்னுதான் அத நடுவுலயே வைக்கிறாங்க. வெளி இலையோ மெல்லிசு, தீயப் பாத்த உடனே கருகிரும். அப்ப அவசரமா நெருப்ப உள்ள இழுத்தா என்னாகும்? ஓரம் கருகி முடிஞ்சிருக்கும், நடு இன்னும் பச்சையா இருக்கும்.

கதை இதோட முடியல. அரகொறயா எரியுற இலைலருந்து வர்ற தாரு, லைட்டரோட எரியாத கேஸு, கரி எல்லாம் அந்த முதல் இழுப்புல சுருட்டோட மொத்த நீளத்துக்கும் உள்ள போவுது. சுருட்டுல பஞ்சு ஃபில்டர் கிடையாது, இன்னும் எரியாம இருக்குற இலைதான் ஃபில்டர். சூடா வர்ற புகை அந்த இலைல பட்டு ஆறும்போது பாதிச் சரக்க அங்கயே படிய விட்டுட்டுத்தான் வாய்க்கு வருது. கங்கு பின்னால நகர நகர, படிஞ்சதெல்லாம் மறுபடி சூடாகி கிளம்பும். சுருட்டு போகப்போக காட்டம் ஏறுறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனாலதான் முதல் நிமிஷத்துல உள்ள போன கருகல் அந்த நிமிஷத்தோட போயிராது, பாதி சுருட்டு வரைக்கும் கூடவே வரும்.

இன்னொண்ணயும் இங்கயே சொல்லிட்டுப் போயிர்றேன். சுருட்டுப் புகை சிகரெட்டுப் புகைய விட காரத்தன்மை உள்ளது, அதனால நெஞ்சுக்குள்ள இழுக்காமலே வாய்த் தோல் வழியாவே நிக்கோட்டின் ஏறிரும். "நான் உள்ள இழுக்குறதில்லப்பா, ஒண்ணும் ஆகாது"ங்குறது வெட்டிப் பேச்சு, வாய்ப்புத்து தொண்டைப்புத்து எல்லாம் சுருட்டுலயும் வரும். பழக்கம் இல்லாதவங்க இத படிச்சுட்டு புதுசா ஆரம்பிக்க வேணாம். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கக் கூடாது, பொது இடத்துல பிடிக்கக் கூடாது, ரெண்டும் 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துலயே இருக்கு. கோயில் மாசி வீதில நடந்துக்கிட்டே ஊதுற வேலையெல்லாம் வேணாம்.

முதல்ல இலையோட நெலமை

லைட்டர எடுக்குறதுக்கு முன்னாடி சுருட்ட ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு லேசா அமுக்கிப் பாருங்க. காதுகிட்ட வச்சு அமுக்குனா மொறுமொறுன்னு சத்தம் வந்தா காஞ்சு போச்சு. அமுக்குன இடம் எந்திரிக்காம பள்ளமாவே கிடந்தா ஈரம் அதிகம். லேசா அமுங்கி திரும்பி வரணும்.

பொதுவா 65லருந்து 70 சதவீத ஈரப்பதத்துல வைக்கணும்னு சொல்லுவாங்க. நம்மூர்ல சித்திரை வைகாசில சுருட்ட சட்டப்பையில ரெண்டு நாள் வச்சா போதும், காஞ்சிரும். காஞ்ச இலை தீயக் காட்டுன உடனே பக்குனு புடிச்சிக்கும், சூடு தாறுமாறா ஏறும், அதுலருந்து வர்றது வெறும் காரமும் எரிச்சலும்தான். ஐப்பசி கார்த்திகை மழைல நேர் எதிர், இலை ஊதிப்போயி, பத்தவும் பத்தாது, இழுக்கவும் வராது, எவ்வளவு நேரம் தீயக் காட்டுனாலும் நடு அணைஞ்சு அணைஞ்சு போகும், நம்ம கோவத்துல இன்னும் தீயக் காட்டுவோம், ஓரமெல்லாம் கரியாயிரும். மழைக்காலத்துல பிடிக்கப் போற சுருட்ட ஒரு ராத்திரி ஏசி ரூம்ல வெளிய எடுத்து வைங்க, சரியாயிரும். மத்தபடி காத்துப் புகாத டப்பா ஒண்ணு, அதுக்குள்ள ஈரப்பதம் காக்குற பாக்கெட் ஒண்ணு, வீட்ல இருக்குறதுலயே குளுமையான மூலை, இது போதும். சூடு 24, 25 டிகிரிக்கு மேல போச்சுன்னா புகையிலை வண்டு முட்டை பொரிச்சு ஓட்டை போடுற வாய்ப்பு இருக்கு. ஓட்டை விழுந்த சுருட்ட எந்த வித்தைய போட்டு பத்த வச்சாலும் காத்து பக்கவாட்டுலதான் போகும்.

வாய்ல வைக்கிற தலைப்பக்கம் மூடியிருக்குற சுருட்டா இருந்தா மேல இருக்குற தொப்பிய மட்டும் மெல்லிசா வெட்டுங்க, வளைவு முடியுற கோட்டுக்குக் கீழ போனா ரேப்பர் பிரிஞ்சிக்கிட்டு வரும். திருச்சி, திண்டுக்கல் நாட்டுச் சுருட்டுல ரெண்டு பக்கமும் திறந்தே இருக்கும், வெட்டுற வேலை இல்ல, கொஞ்சம் சிறுத்திருக்குற பக்கத்த வாய்ல வச்சுக்கங்க. வெட்டி முடிச்சதும் பத்த வைக்காமலே ஒரு தடவ இழுத்துப் பாருங்க. வைக்கோல், தோலு, சில சமயம் காஞ்ச திராட்சை வாசம் கூட வரும். இலையோட சொந்த ருசி அதுதான், பத்த வச்சப்புறம் அது எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க இது உதவும்.

எந்த நெருப்பு

பெட்டிக்கடைல தொங்குற கயிறுல ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறோம். தேங்கா நார்க் கயிறு மணிக்கணக்கா கனன்டுக்கிட்டு இருக்கும், பீடிக்கு அது அருமை. சுருட்டுக்கு அந்தக் கங்கு ஒரு புள்ளியதான் தொடும், மீதிய நாம இழுத்து இழுத்துதான் பரப்பணும், நார்ப் புகை மொத்தமும் முதல்ல உள்ள போயிரும். வேணாம்.

தீப்பெட்டி நல்ல சாய்ஸ்தான், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டின்னு நம்ம சுத்துவட்டாரம் பூராம் அந்தத் தொழில்தான். ஆனா மரக்குச்சியா பாத்து வாங்குங்க. இப்ப ஜாஸ்தி கிடைக்குற மெழுகுக் குச்சி, பேப்பர சுருட்டி மெழுகுல முக்குனது, அதுல எரியுறதே மெழுகுதான், அந்த வழவழப்பான நெடி இலைல ஒட்டிக்கும். மரக்குச்சிலயும் மருந்துல கந்தகம் இருக்கு, உரசுன உடனே கொண்டு போகக் கூடாது, மருந்து எரிஞ்சு முடிஞ்சு மரம் பத்தி தீ மஞ்சளா அமைதியா நிக்கிற வரைக்கும் ரெண்டு மூணு செகண்டு பொறுங்க. ஒரு குச்சி பத்தாது, ரெண்டு மூணு குச்சிய சேத்து உரசுங்க, தீ அகலமா கிடைக்கும்.

தேவதாரு மாதிரி வாசம் வர்ற மெல்லிசான மரச்சீவல்ல பத்த வைக்கிறது வெளிநாட்டுல பழைய முறை. சுருட்டுப் பெட்டிக்குள்ளயே சில நேரம் அந்தச் சீவல் வரும், ஸ்பானிஷ் சீடர்னு பேரு, ஆனா செடி குடும்பத்துல பாத்தா அது சீடரே இல்ல, நம்ம வேப்ப மரத்தோட சொந்தக்காரன். பெட்டில வந்தா தூக்கிப் போடாதீங்க, நீளமா கிழிச்சு வச்சுக்கங்க. எனக்குத் தெரிஞ்சு இதுதான் ருசிய கெடுக்காத நெருப்புல முதல் எடம்.

கேஸ் லைட்டர்னா பியூட்டேன், நல்ல கேஸுன்னா வாசமே இருக்காது. பெட்ரோல் மாதிரி திரவம் ஊத்துற திரி லைட்டர்ல அந்த நெடி முதல் அரை இஞ்சு வரைக்கும் நாக்குல நிக்கும். கேஸ்லயே ரெண்டு வகை. கடைல 20 ரூவாய்க்கு கிடைக்கிற மஞ்சத் தீ சாது, காத்தடிச்சா சாஞ்சிரும். ஜெட்டு லைட்டரு நீலத் தீ, பியூட்டேன் தீயோட சூடு கணக்குப்படி 1900 டிகிரி செல்சியசுக்கு மேல போகக்கூடியது, நடைமுறைல குறையும்னாலும் இலை பத்துறதுக்கு அதுல கால்வாசியே அதிகம். அதனால ஜெட்டுல நேரா முனைய குத்துனீங்கன்னா இலை எரியாது, கருகும். ஆனா ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்போது மொட்ட மாடில ஜெட்ட விட்டா வேற வழியில்ல, தள்ளிப் பிடிச்சா போதும். கொடைக்கானலுக்கு எடுத்துட்டுப் போறவங்க தீப்பெட்டியும் ஒண்ணு பையில போட்டுக்கங்க, 2000 மீட்டர் உயரத்துல காத்து மெலிஞ்சு ஜெட்டு லைட்டரு சண்டித்தனம் பண்ணும்.

மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு மூணும் வேணாம். அடுப்புல பத்த வச்சா மொதநா தாளிச்ச எண்ணெய் வாசமும் சேந்து வரும், அது போக வீட்ல வாங்கிக் கட்டிக்கணும். கோயில்ல சூடத்துல காட்டி பத்த வச்சு வைப்பாங்க, அது சாமி காரியம், நாம பிடிக்குறதுக்கு சூடம் ஆகாது, அந்த வாசத்துக்கு முன்னாடி எந்த இலையும் நிக்காது. நம்ம பெருசுங்க விறகடுப்புக் கங்க இடுக்கில எடுத்து பத்த வச்சாங்களே, அது உண்மையிலயே நல்ல முறை. தீ நாக்கு இல்ல, புகை இல்ல, வெறும் அனல்.

அனல் காட்டுறது

இந்த எடத்துலதான் ருசி ஜெயிக்கிறதும் தோக்குறதும். சுருட்ட வாய்ல வைக்காதீங்க. கைல பிடிச்சு, முனைய கொஞ்சம் கீழ சாய்ச்சு, தீயோட நுனி முனையத் தொடாத மாதிரி பிடிங்க. மஞ்சத் தீன்னா ஒரு விரக்கடை, ஜெட்டுன்னா ரெண்டு மூணு விரக்கடை தள்ளி. மல்லிய சிம்ல வச்சு வறுக்குற மாதிரிதான், சட்டி இன்னும் காயலயேன்னு தீயக் கூட்டுனா மேல கருகும் உள்ள பச்சை வாசம் போகாது. சுருட்ட மெதுவா உருட்டிக்கிட்டே இருங்க, தீய அசைக்க வேணாம்.

கண்ண முனைலயே வைங்க. முதல்ல ரேப்பரோட ஓரம் லேசா சுருங்கும், அப்புறம் விளிம்பச் சுத்தி நூல் கணக்கா ஒரு கருப்பு வட்டம் வரும். அந்த வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமா வர்ற மாதிரி உருட்டுங்க. ஒரு பக்கம் மட்டும் கருப்பு உள்ள எறங்குச்சுன்னா அந்தப் பக்கத்த மேல திருப்பி விட்டுட்டு மத்த பக்கத்துக்கு அனல் காட்டுங்க. கருப்பு விளிம்புலருந்து நடுவப் பாத்து பரவும், அங்கங்க சாம்பக் கலர்ல புள்ளி விழும், மெல்லிசா ஒரு புகை சுருண்டு எந்திரிக்கும். இப்ப மூக்குகிட்ட கொண்டு போனீங்கன்னா வறுத்த வாசம் வரணும். தீய்ஞ்ச வாசம் வந்தா தீ கிட்ட இருக்குன்னு அர்த்தம்.

எவ்வளவு நேரம்னா, சுருட்டோட தடிமனப் பொறுத்தது. ரிங் கேஜ் 50னு போட்டிருந்தா ஒரு இஞ்சுல 64ல 50 பங்கு விட்டம், சுமாரா ரெண்டு சென்டிமீட்டர், அதுக்கு அரை நிமிஷத்துக்கு மேலயே ஆகும். திண்டுக்கல் பக்கத்து ஒல்லிச் சுருட்டுக்கு அதுல பாதி போதும். நாட்டுச் சுருட்டுக்கு எதுக்கு இம்புட்டு சடங்குன்னு கேப்பாய்ங்க. வேடசந்தூர்ல சுருட்டுப் புகையிலைக்குன்னே 1948லருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்ல ஃபாக்டரி போட்டு சுருட்டு செஞ்சுச்சு, சர்ச்சிலுக்கு திருச்சி சுருட்டு பிடிக்கும்னு சொல்லுவாய்ங்க. இலை ஒண்ணும் எளப்பமில்ல. சொல்லப்போனா நாட்டு இலைக்கு காட்டம் ஜாஸ்தி, அதனால தப்பா பத்த வச்சா கியூபா சுருட்ட விட இதுலதான் கமறல் அதிகமா தெரியும்.

இழுத்துப் பத்த வைக்கிறது

முனை பூராம் கருத்து, அங்கங்க கனன்டதும் வாய்ல வைங்க. தீய திரும்ப அதே தூரத்துல, முனைக்குக் கீழ பிடிச்சு, மெதுவா, குட்டியா இழுங்க. இழுக்கும்போது தீ தானா எட்டி முனையத் தொட்டுட்டுப் போகும், அது போதும், நீங்க கொண்டு போயி ஒட்ட வேணாம். ஒவ்வொரு இழுப்புக்கும் கால் வட்டம் திருப்புங்க. மூணு நாலு இழுப்புல முடிஞ்சிரணும், அதுக்கு மேல தேவைப்பட்டா அனல் காட்டுனது பத்தலன்னு அர்த்தம்.

இப்ப வாய்லருந்து எடுத்து முனைய உங்க பக்கம் திருப்பி மெதுவா ஊதிப் பாருங்க. முனை பூராம் ஆரஞ்சா ஒளி விட்டா முடிஞ்சுச்சு. எங்கயாச்சும் கருப்பா திட்டு தெரிஞ்சா, குறிப்பா நடுவுல, அந்த எடத்துக்கு மட்டும் கொஞ்சம் அனல் காட்டுங்க. நிறைய பேரு இந்த ஊதிப் பாக்குற வேலைய செய்யுறதே இல்ல, ஆனா நடு பத்தாம விட்டத கண்டுபிடிக்க இதுதான் சுலபமான வழி.

அப்புறம் ஒரு வேலை, இது கிறுக்குத்தனமா தெரியும், ஆனா செஞ்சு பாருங்க. சுருட்ட வாய்ல வச்சு உள்ள இழுக்காம வெளிய ஊதுங்க, மெதுவா, ரெண்டு செகண்டு. பத்த வைக்கும்போது உள்ள தங்குன கேஸும் பழைய புகையும் முனை வழியா வெளிய போயிரும். ஒரு அரை நிமிஷம் கீழ வச்சுட்டு, அப்புறமா முதல் இழுப்பு. அந்த முதல் இழுப்புல நாக்கு நுனில இனிப்பு மாதிரியோ மரம் மாதிரியோ ஏதாவது தட்டுப்பட்டா நீங்க சரியா பத்த வச்சிருக்கீங்க. தொண்டைல கீறுனா, மூக்குல ஏறுனா, எங்கயோ தீ ஓவராயிருச்சு. அப்பயும் பயந்து தூக்கிப் போட வேணாம், இன்னொரு தடவ வெளிய ஊதிட்டு ரெண்டு நிமிஷம் மெதுவா போங்க, பாதி சரியாயிரும்.

அதுக்கப்புறம் நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அவசரப்பட்டா கங்கோட சூடு ஏறும், பின்னாடி இருக்குற இலை வறுபடாம வெந்து கருகும். நிக்கோட்டின் கொதிக்குறதே 247 டிகிரிலதான், சூடு ஏற ஏற அதுவும் தாரும்தான் மொத்தமா கிளம்பி வரும், மென்மையான வாசமெல்லாம் அதுக்கு அடில அமுங்கிரும். சுருட்டோட உடம்ப விரலால தொட்டுப் பாருங்க, கங்குக்கு ஒரு இஞ்சு தள்ளியும் கை சுட்டா வேகம் அதிகம்.

கோணலா எரிஞ்சா, அணைஞ்சா

ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிஞ்சா உடனே லைட்டர தூக்காதீங்க. பின்தங்கி இருக்குற பக்கத்த கீழ வர்ற மாதிரி பிடிச்சு ரெண்டு மூணு இழுப்பு பாருங்க, கீழப் பக்கம் காத்து நல்லா கிடைச்சு வேகமா எரியும், பெரும்பாலும் தானா சமமாகும். ஆகலன்னா பின்தங்குன விளிம்புக்கு மட்டும் தீ நுனிய லேசா காட்டுங்க, இழுக்காம. நடு மட்டும் குகை மாதிரி எரிஞ்சு ரேப்பர் அப்படியே நின்னா அது வேற விஷயம், ஈரம் ஜாஸ்தி இல்லன்னா ஆரம்பத்துல விளிம்பு சரியா பத்தல. சாம்பல தட்டிட்டு விளிம்ப சுத்தி அனல் காட்டி திரும்ப ஆரம்பிக்கணும், பாதி ஒட்டும், பாதி ஒட்டாது.

பேச்சு சுவாரசியத்துல அணைஞ்சு போச்சுன்னா கவலையில்ல. சாம்பல தட்டுங்க, முதல்ல வெளிய ஊதுங்க, இத மறந்தா ஆறிப்போன புகை மொத்தமும் வாய்க்குத்தான் வரும். அப்புறம் திரும்ப அனல், திரும்ப குட்டி இழுப்பு. ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா பெருசா ருசி கெடாது. ராத்திரி பாதில வச்சுட்டு காலைல பத்த வைக்கிறது சில பேருக்கு பழக்கம், இலைல ஊறிப்போன தாருதான் வரும், அத எப்படி பத்த வச்சாலும் நல்லாருக்காது.

இம்புட்டும் படிச்சுட்டு "ஏன்ணே, தீயில என்ன பெரிய வித்தியாசம் வரப் போவுது"ன்னு தோணுச்சுன்னா, ஒரே கட்டுல ரெண்டு சுருட்டு எடுங்க. ஒண்ண மெழுகுக் குச்சியால ஒட்டி இழுத்து பத்த வைங்க, இன்னொண்ண மேல சொன்ன மாதிரி அனல் காட்டி. பத்த வைக்கிற வேலைய கூட இருக்குறவர்கிட்ட குடுத்துட்டு நீங்க திரும்பி உக்காந்துக்கங்க, எது எதுன்னு சொல்லாம கைல தரச் சொல்லுங்க. நடுவுல ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிட்டு மாத்தி மாத்தி நாலு இழுப்பு போதும், முழுசா முடிக்க வேண்டியதில்ல. வித்தியாசம் முதல் ஒரு இஞ்சுலதான் பளிச்சுனு தெரியும், கடைசி மூணுல ஒரு பங்குல ரெண்டுமே காட்டமாயிரும், அங்க போயி ஒப்பிட்டா ஒண்ணும் பிடிபடாது.